யாருக்கு மொழி வராது?

(மாலை வகுப்பு நடத்தும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் ராசிபுரத்தில் கூடிய ஒருநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியமட்டும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



மொழி நாட்டச் சோதனை, இருமொழிக் கல்வி, இரண்டாம் மொழி கற்றல். இதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. தலைப்பைக் கேட்டதும் இது பல்கலைக்கழகத்துல பேசற சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு சில பேருக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. யோசிச்சுப் பார்த்தா, அந்தச் சோதனையை எனக்கு ஆறு வயசுலயே வெச்சு ஃபெயிலும் ஆக்கிட்டாங்க. அங்க இருந்தே தொடங்கறேன்.

ராசிபுரத்துக்குப் பக்கத்துல ஒரு ஊர் எங்க ஊர். ஊருக்குக் கிழக்கே எங்க வளவு. வளவுக்குள்ள தெலுங்குதான் பேசுவோம். அருந்ததியர்ல பல ஊர்ல தெலுங்கு, சில ஊர்ல கன்னடம், இன்னும் பல ஊர்ல தமிழ் மட்டுமே. எங்க வளவுல தெலுங்கு. பள்ளிக்கூடத்துல ஒண்ணாவது சேர்ந்த முதல் வாரம், வாத்தியார் ஒரு படத்தைக் காட்டி, "இது என்னடா?"ன்னு கேட்டார். கோழிப் படம். எனக்குச் சந்தோசம், ஏன்னா எனக்கு நல்லாத் தெரிஞ்சது. எந்திரிச்சு நின்னு "கோடி"ன்னு சொன்னேன்.

வகுப்பே சிரிச்சது. வாத்தியாரும் சிரிச்சார். "கோழிகூடச் சொல்ல வரல, இதுங்களுக்கெல்லாம் நாக்கு திரும்பாது"ன்னு சொன்னார். அன்னிக்குக் கடைசி வரிசைக்குப் போனவன், ஒண்ணாவதை ரெண்டு தடவை படிச்சேன்.

தெலுங்குல கோழிக்குப் பேரு கோடி. நான் சொன்னதுல தப்பு எதுவும் இல்ல. கேள்வி தமிழ்ல இருந்துச்சு, பதில் தெலுங்குல வந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்க வேண்டிய இடத்துல இருந்தவருக்கு அது தெரியல. தெரியாதவர் எனக்குப் போட்ட மார்க்கு, 'மொழி வராது'.

நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. போன மாசம் எங்க மாலை வகுப்புக்கு ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை வந்துச்சு. "எனக்கு லாங்குவேஜே வராதுன்னு சொல்லிட்டாங்க பெரியப்பா, தமிழும் வராது, இங்கிலீசும் வராது"ங்குது. முகத்துல வருத்தம்கூட இல்ல. ரத்த வகை சொல்ற மாதிரி சொல்லுது. 'மெல்லக் கற்போர்'னு ஒரு பட்டியல் போடுவாங்க இல்லையா, அதுல அந்தப் பிள்ளை பேரு. அதனாலதான் இன்னிக்கு இந்தப் பேச்சு.

ஆறு வயசுல எனக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டுல அம்மாகிட்டத் தெலுங்கு. மளிகைக் கடையில தமிழ். எங்கப்பன் பண்ணையத்துல இருந்தார். பண்ணையக்காரர் தோட்டத்துக்குப் போனா அங்க வேற தமிழ். அவங்க வீட்டுச் சின்னப் பையனையும் "சாமி"ன்னுதான் கூப்பிடணும். எங்கப்பனை அந்தப் பையன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். எந்த வாக்கியத்தை எங்க நிறுத்தணும், எங்க "இல்லைங்க சாமி"ன்னு குரலை இறக்கணும், எங்க பேசவே கூடாது, எல்லாம் அஞ்சு வயசுக்குள்ள கத்துக்கிட்டாச்சு. கத்துக்கலைன்னா அடி விழும். தோட்டத்துல தங்களுக்குள்ள ஏதாச்சும் பேசணும்னா பெரியவங்க சட்டுனு தெலுங்குக்கு மாறுவாங்க. எப்ப மாறணும்னும் எங்களுக்குத் தெரியும்.

ரெண்டு மொழி, அதுல ஒரு மொழியில ரெண்டு விதமான பேச்சு. யார், எங்க, யார்கிட்டன்னு பார்த்து மாத்திப் பேசற ஆற்றல். ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளைக்கு அந்த வயசுல இருந்தது ஒரு மொழி, அதுல ஒரு விதம், அதிகாரம் பண்ற விதம். இந்த ரெண்டு பேருல யாருக்கு மொழி வரும்னு கேட்டா, பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளையைக் காட்டுச்சு.

இப்ப சோதனைக்கு வரேன். ஒரு ஆளுக்குப் புது மொழி எவ்வளவு சுலபமா வரும்னு முன்கூட்டியே அளக்க முடியுமான்னு 1950-களில் அமெரிக்காவுல ஆராய்ஞ்சாங்க. ஹார்வர்டுல இருந்த ஜான் கேரல்ங்கிறவரும் ஸ்டான்லி சாபன்ங்கிறவரும் சேர்ந்து 1959-ல் ஒரு சோதனை வெளியிட்டாங்க. 'மாடர்ன் லாங்குவேஜ் ஆப்டிட்யூட் டெஸ்ட்'னு பேரு. ராணுவத்துலயும் வெளியுறவுத் துறையிலயும் வேற மொழி படிக்க ஆளை அனுப்பறதுக்கு முன்னால, யாரை அனுப்பினா செலவு வீண் போகாதுன்னு பார்க்கறதுக்கு இது பயன்பட்டுச்சு.

கேரல் மொழி நாட்டத்தை நாலு ஆற்றலாப் பிரிச்சார். ஒண்ணு, கேட்ட ஒலியைப் பிரிச்சு மனசுல பதிய வெச்சுக்கறது. ரெண்டு, வாக்கியத்துல எந்தச் சொல் என்ன வேலை செய்யுதுன்னு உணர்றது. மூணு, புதுச் சொல்லை நினைவுல வெச்சுக்கறது. நாலு, யாரும் விதியைச் சொல்லித் தராமலே நாலஞ்சு உதாரணத்துல இருந்து விதியைக் கண்டுபிடிக்கறது.

சோதனையில ஒரு பகுதி இப்படி இருக்கும். இல்லாத ஒரு மொழியில எண்களைச் சொல்லிக் கொடுத்துட்டு, கேட்டு எழுதச் சொல்லுவாங்க. அதே மாதிரி நானே ஒண்ணு செஞ்சு எங்க மாலை வகுப்புல வெச்சேன். 'கி' ஒண்ணு, 'லோ' ரெண்டு, 'பா' மூணு. பின்னால 'நெ' சேர்த்தா பத்து மடங்கு. 'லோநெ'ன்னா இருபது. அப்ப 'பாநெ கி' எவ்வளவு? முடிக்கறதுக்கு முந்தியே பின்வரிசையில இருந்து "முப்பத்தொண்ணு"ன்னு சத்தம் வருது. அந்த 'லாங்குவேஜே வராத' பிள்ளைதான்.

இதை ஆராய்ச்சின்னு சொல்ல வரல. ஒரு வகுப்புல ஒரு சாயங்காலம் நடந்தது. ஆனா அடுத்து நடந்ததைச் சொல்லணும். வளவுல பேசற சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் கரும்பலகையில பக்கத்துல பக்கத்துல எழுதச் சொன்னேன். கோழி – கோடி. ஏழு – ஏடு. கலப்பைப் பிடிக்குத் தமிழ்ல மேழி, நம்ம பேச்சுல மேடி. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பெரியப்பா, அவங்க ழ சொல்ற எடத்துல நாம ட சொல்றோம்"னுச்சு.

நான் அசந்து போனேன். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, மழைக்கு நாம 'வான'ன்னு வேற சொல்லு வெச்சிருக்கோம். ஆனா அந்தப் பிள்ளை செஞ்சது என்ன? கேரல் சொன்ன நாலாவது ஆற்றல். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம்னு 1816-ல் எல்லிஸ் சொன்னார், 1856-ல் கால்டுவெல் புத்தகமாவே எழுதினார். அவங்க சேர்த்து வெச்சுப் பார்த்த மாதிரியான சொற்கள்தான் இது. எங்க வகுப்புல கரித்துண்டு மாதிரி ஒரு சாக்பீஸை வெச்சுக்கிட்டு ஒரு ஒன்பதாங்கிளாஸ் பிள்ளை அதே வேலையைச் செய்யுது. ஆறு வயசுல என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பின அதே சொல்லு, இப்ப ஒரு இலக்கண விதிக்குச் சான்று. நாப்பது வருசத்துல யாரும் எனக்கு இதைச் சொல்லல.

சோதனைன்னாலே சூழ்ச்சின்னு நான் சொல்ல மாட்டேன். அளவுகோல் ஒரு கருவி. யார் கையில, எதுக்காக இருக்குங்கிறதுதான் கேள்வி. பிரான்சுல ஆல்ஃபிரெட் பினே 1905-ல் தன் சோதனையைச் செஞ்சது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேணும்னு கண்டுபிடிக்க. அதே சோதனை அமெரிக்கா போனதும் ஆளைக் கழிச்சுக் கட்டுற கருவியாச்சு. கோடார்டுன்னு ஒருத்தர், 1910-களில் எல்லிஸ் தீவுல கப்பல்ல வந்து இறங்கின ஏழைக் குடியேறிகளைப் பிடிச்சுச் சோதிச்சார். வாரக்கணக்காக் கப்பல்ல வந்த களைப்பு, தெரியாத நாடு, நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் பொறுக்கி எடுத்த யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர்ல ஐந்துல நாலு பேரு 'மந்தபுத்தி'ன்னு எழுதினார். முதல் உலகப் போர்ல ராணுவத்துக்கு வெச்ச சோதனை முடிவுகளை எடுத்துக்கிட்டு 1923-ல் கார்ல் ப்ரிகாம் ஒரு புத்தகம் போட்டார். எந்த இனத்துக்கு அறிவு அதிகம்னு தராசு பிடிக்கிற புத்தகம். 1926-ல் எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கினதும் அவர்தான். 1930-ல் அதே ப்ரிகாம், வீட்டுல வேற மொழி பேசறவங்களை இங்கிலீஷ் சோதனையால அளந்து ஒப்பிட்டது செல்லாதுன்னு தானே எழுதினார். ஆனா அந்தப் புத்தகம் அதுக்குள்ள தன் வேலையை முடிச்சிருந்துச்சு. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தற சட்டம் 1924-லயே வந்துட்டுது.

இன்னொண்ணு. கலிஃபோர்னியாவுல ஸ்பானிஷ் பேசற மெக்சிகக் கூலி விவசாயிகளோட பிள்ளைகளை இங்கிலீஷ்ல சோதிச்சு, மூளை வளர்ச்சி குறைஞ்சவங்கன்னு தனி வகுப்புல போட்டிருந்தாங்க. 1970-ல் வழக்கு. 'டயானா வழக்கு'ன்னு சொல்லுவாங்க. அவங்க தாய்மொழியும் கலந்து திரும்பச் சோதிச்சப்ப, பெரும்பாலான பிள்ளைகள் அந்த எல்லைக்கு மேல வந்துட்டாங்க. பிள்ளையோட முதல் மொழியிலும் சோதிக்கணும்னு உடன்பாடாச்சு. அந்தப் பிள்ளைகளும் 'கோடி'ன்னு சொன்ன பிள்ளைகள்தான், வேற ஊர்ல.

நம்ம நாட்டுல இந்த மாதிரி அச்சடிச்ச சோதனைத் தாள் தேவைப்பட்டதே இல்ல. சாதியே சோதனைத் தாள். பிறந்ததுமே மார்க்குப் போட்டுடுவாங்க. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில உயர்நிலைப் பள்ளியில சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். தீண்டத்தகாதவன்னு மறுத்துட்டாங்க. பாரசீகம் எடுத்துப் படிச்சார். பின்னால சமஸ்கிருதத்தைத் தானே முயன்று படிச்சார். அவருக்கு மொழி நாட்டம் இருக்கா இல்லையான்னு அங்க யாரும் சோதிக்கல. தேர்வே நடக்காம முடிவு வந்துச்சு. நம்ம பக்கம் பாருங்க. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கின ராஜாஜிதான், 1953-ல் முதலமைச்சரா இருந்தப்ப, அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில்னு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வின்னு எதிர்த்தாங்க, 1954-ல் காமராசர் எடுத்தார். அப்பன் செருப்புத் தைச்சா மகனுக்குத் தையல்ல நாட்டம்னு முடிவு கட்டறதும் ஒரு நாட்டச் சோதனைதான்.

அது பழைய கதைன்னு சொல்லாதீங்க. 2018 நீட் தேர்வுல தமிழ் வினாத்தாள்ல 49 கேள்விகள்ல மொழிபெயர்ப்புப் பிழை. 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தமிழ்ல எழுதியிருந்தாங்க. ஒரு கேள்விக்கு நாலு வீதம் 196 மதிப்பெண் கொடுக்கணும்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லுச்சு. அதே வருசம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு. பிழை தாள்ல, கழிஞ்சது பிள்ளை கணக்குல.

கேரலைப் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லணும். அதுதான் நமக்கு முக்கியம். 1963-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதுல நாட்டம்னா என்னங்கிறதுக்கு அவர் கொடுத்த விளக்கம், 'கத்துக்கத் தேவைப்படற நேரம்'. அவ்வளவுதான். வரும், வராதுங்கிற பேச்சே இல்ல. ஒருத்தருக்கு ஆறு மாசம், இன்னொருத்தருக்கு ஒன்பது மாசம். கத்துக்கறது எதைப் பொறுத்ததுன்னு அஞ்சு விசயம் சொல்றார். தேவைப்படற நேரம், கொடுக்கற நேரம், விடாமுயற்சி, பாடம் நடத்தற தரம், நடத்தறதைப் புரிஞ்சுக்கற ஆற்றல். இந்த அஞ்சுல கொடுக்கற நேரமும் நடத்தற தரமும் பள்ளிக்கூடத்தோட பொறுப்பு. புரிஞ்சுக்கறதுங்கறது எந்த மொழியில நடத்தறாங்கங்கிறதோட கட்டிப் போட்டது. ஆனா ஃபெயிலாகறது மட்டும் பிள்ளை. 'மெல்லக் கற்போர்'னு பேரு வைக்கறவங்க ஒரு உண்மையை ஒத்துக்கறாங்க, இந்தப் பிள்ளைக்கு நேரம் கூட வேணும்னு. பேரை மட்டும் கொடுத்துட்டு நேரத்தைக் கொடுக்கறதில்ல.

அடுத்து இருமொழிக் கல்வி. ரெண்டு மொழி ஒரே மண்டையில இருந்தா குழப்பம் வரும், புத்தி மந்தமாகும்னு ரொம்ப நாள் நம்பினாங்க. 1962-ல் கனடா மான்ட்ரியல்ல எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் பத்து வயசுப் பிள்ளைகளைச் சோதிச்சாங்க. பிரெஞ்சும் இங்கிலீசும் நல்லாத் தெரிஞ்ச பிள்ளைகள், ஒரே மொழி தெரிஞ்ச பிள்ளைகளைவிடச் சோதனைகள்ல நல்லாவே செஞ்சாங்க. அங்கயே 1965-ல் இங்கிலீஷ் பேசற வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல்ல இருந்தே பிரெஞ்சுல பாடம் நடத்திப் பார்த்தாங்க. பிரெஞ்சும் வந்துச்சு, இங்கிலீசும் கெடல.

இதைக் காட்டித்தான் நம்ம ஊர்ல எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் போடறது சரின்னு வாதாடறாங்க. ஆனா லாம்பர்ட்டே அதுக்குப் பதில் சொல்லியிருக்கார். ரெண்டாவது மொழி ரெண்டு விதமா வரும். ஒண்ணு, கூட்டல். இன்னொண்ணு, கழித்தல். மான்ட்ரியல் பிள்ளைகளோட வீட்டு மொழி இங்கிலீஷ், அது அதிகாரத்தோட மொழி. வீட்டுல, தெருவுல, தொலைக்காட்சியில எங்கயும் அதுக்குக் குறைவில்ல. அதுமேல பிரெஞ்சு வந்து உக்காந்தா கூட்டல். கேவலம்னு நெனைக்கப்படற மொழி பேசற பிள்ளையைக் கொண்டுபோய், அந்த மொழி வாசலுக்கு வெளியிலன்னு சொல்லி வேற மொழியைத் திணிச்சா கழித்தல். பழையதும் போகும், புதுசும் முழுசா வராது.

கனடாவுலயே ஜிம் கம்மின்ஸ்னு ஒருத்தர், குடியேறி வந்த பிள்ளைகளைப் பார்த்துட்டுச் சொன்னார்: விளையாட்டு, கடை, தெருவுல பேசற அளவுக்குப் புது மொழி வர ரெண்டு வருசம் போதும். பாடப்புத்தகத்தைப் படிச்சுச் சொந்தமா எழுதற அளவுக்கு வர அஞ்சுல இருந்து ஏழு வருசம் ஆகும். நம்ம வாத்தியாருங்க, "வெளிய நல்லாத்தானே பேசறான், படிக்கச் சொன்னா மட்டும் ஊமையாயிடறான்"னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். திமிரும் இல்ல, மந்தமும் இல்ல. இன்னும் நாலு வருசம் ஆகல, அவ்வளவுதான்.

இங்க ஒரு கேள்வி வரும். வரணும். எங்க வளவுல ஒரு அக்கா கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கற வேலைக்குப் போகுது. நான் இதையெல்லாம் சொன்னப்ப மூஞ்சிக்கு நேராக் கேட்டுச்சு: "ஏந்தம்பி, தாய்மொழி தாய்மொழின்னு மேடையில பேசறவங்க வீட்டுப் பிள்ளைங்க எங்க படிக்குது? எம்புள்ளைக்கு மட்டும் ஏன் நீ இங்கிலீசு வேண்டாங்கற?"

நான் தலை குனிஞ்சேன். ஏன்னா எம்பிள்ளையும் அங்கதான் படிச்சது. நம்ம நாமக்கல் மாவட்டத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 1997 ஜனவரியில சேலத்துல இருந்து பிரிஞ்ச மாவட்டம். லாரி, முட்டை, அப்புறம் பள்ளிக்கூடம். விடுதி வெச்ச பெரிய பெரிய பள்ளிக்கூடம். பஸ்ஸுல போனா ரெண்டு பக்கமும் மார்க்கு எடுத்த பிள்ளைங்க படம் போட்ட பலகை. கடன் வாங்கி அப்படி ஒரு இடத்துல சேர்த்தேன். எங்க பட்ட அவமானம் எம்மகளுக்கு வேண்டாம்னுதான். எங்கம்மா வீட்டுல தெலுங்குல பேசினா, "ஆயா, பிள்ளை குழம்பிரும், தமிழ்லயே பேசு"ன்னு நானே சொன்னேன். என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பின வாத்தியார் வேலையை நான் எங்க வீட்டுக்குள்ள செஞ்சேன்.

மக இங்கிலீஷ் படிச்சது. நல்லாப் படிச்சது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஏழாவதுல அறிவியல் பாடத்தை ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சுது. "இலை எப்படிச் சாப்பாடு செய்யுதுன்னு ஆயாவுக்குச் சொல்லு சாமி"ன்னேன். சொல்ல முடியல. தமிழ்லயும் முடியல, தெலுங்குல கேக்கவே வேண்டாம். இப்ப அது கல்லூரி. எங்கம்மா ஏதாச்சும் சொன்னா, "அப்பா, ஆயா என்ன சொல்லுது?"ன்னு என்னைக் கேக்குது. ஒரே கூரைக்குள்ள ரெண்டு பொம்பளைகளுக்கு நடுவுல நான் மொழிபெயர்ப்பாளர். லாம்பர்ட் சொன்ன கழித்தல் எங்க வீட்டுக் கணக்கு.

அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன். இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லல. இங்கிலீஷ் நம்ம உரிமை. அண்ணல் உலகத்தோட பேசினது அந்த மொழியில. ஊர்த் தமிழ்ல நமக்கு 'சாமி' சொல்லிக் குனிய வெச்ச வாக்கியம் இருக்கு, இங்கிலீஷ்ல அது இல்ல. அந்த விடுதலை உணர்ச்சியை யாரும் குறைச்சுப் பேசக் கூடாது. நான் கேக்கறது வேற. எந்த வழியில போனா நம்ம பிள்ளைக்கு இங்கிலீஷ் நெசமாவே வரும்? போர்டுல 'இங்கிலீஷ் மீடியம்'னு எழுதிட்டு, உள்ள வாத்தியார் தமிழ்ல விளக்கிட்டு, பிள்ளை இங்கிலீஷ்ல பாராம எழுதறதா? அரசுப் பள்ளிகள்லயும் 2012-13-லிருந்து ஆங்கில வழிப் பிரிவு தொடங்கிட்டாங்க. வகுப்புக்குப் பேர் மாறிச்சு. ஆனா அந்தப் பிள்ளை வீட்டுல என்ன பேசுதுன்னு கேக்கற வழக்கம் வரல.

தெரிஞ்ச மொழியில எழுத்தும் எண்ணும் கத்துக்கிட்டு, அதுல இருந்து தமிழுக்கு ஒரு பாலம், தமிழ்ல இருந்து இங்கிலீசுக்கு ஒரு பாலம். இங்கிலீஷை முதல் வகுப்புல இருந்து கேட்டுப் பேசற மொழியா, நல்லாத் தெரிஞ்ச வாத்தியாரை வெச்சுத் தினம் நடத்தணும். கனவு இல்ல இது. ஆந்திரத்துல 2004-லிருந்தும் ஒடிசாவுல 2006-07-லிருந்தும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவங்க மொழியில தொடங்கி மாநில மொழிக்கும் இங்கிலீசுக்கும் கொண்டுபோற பாடம் நடந்திருக்கு.

'அப்படின்னா தமிழ்நாட்டுல தெலுங்குப் பள்ளிக்கூடம் கேக்கறியா?'ன்னு சில தமிழ் அன்பர்கள் கேப்பாங்க. வந்தேறின்னும் சொல்லுவாங்க. 2009-ல் 18 விழுக்காட்டுக்குள்ள 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தப்பவும் சொன்னாங்க, 2024 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும்னு சொன்னப்பவும் சொன்னாங்க. இந்தச் சமவெளியில கிணத்துல தண்ணி இறைச்ச கவலைக்குப் பறி தைச்சுக் கொடுத்தது எங்க பாட்டன் பூட்டன். அந்தப் பறியில ஏறின தண்ணிக்கு மொழி கேட்டவங்க யாரும் இல்ல. தமிழ் எங்க மொழி. வளவுத் தெலுங்கும் எங்க மொழிதான். ஒண்ணைக் காட்டித்தான் இன்னொண்ணை நிரூபிக்கணும்னு ஏன்? இருமொழியா மும்மொழியான்னு பெரிய சண்டை நடக்குது. இந்தித் திணிப்பை நான் ஏத்துக்கல, 1968-ல் அண்ணா கொண்டுவந்த இருமொழித் தீர்மானத்து மேல எனக்கு மதிப்பு உண்டு. ஆனா நம்ம வளவுப் பிள்ளை எந்தக் கொள்கையும் இல்லாமலே ஏற்கனவே மூணு மொழியில நிக்குது. அதுல ஒரு மொழி எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. அதைத்தான் சொல்றேன்.

தனிப் பள்ளிக்கூடம் கேக்கல. முதல் ரெண்டு வகுப்புல அந்தப் பிள்ளை பேசறது புரிஞ்ச ஒரு ஆள் வகுப்புக்குள்ள இருக்கணும். வளவுல பன்னெண்டு படிச்சுட்டுச் சும்மா இருக்கற பொண்ணுங்க எத்தனை பேர்!

சட்டமும் இருக்கு. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில கிடைக்க மாநிலம் வசதி செய்யணும்னு அரசமைப்புச் சட்டம் 350-ஏ பிரிவு சொல்லுது. 1956-ல் சேர்த்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, நடைமுறையில கூடிய மட்டும் பயிற்று மொழி பிள்ளையோட தாய்மொழியா இருக்கணும்ங்குது. பிரிவு 13 இன்னும் முக்கியம். தொடக்கக் கல்வியில சேர்க்கறப்ப பிள்ளையையோ பெத்தவங்களையோ சோதிச்சு வடிகட்டக் கூடாது. முதல் தடவை மீறினா 25 ஆயிரம் வரைக்கும், அடுத்தடுத்த தடவைக்கு 50 ஆயிரம் வரைக்கும் அபராதம். எல்.கே.ஜி.க்கு அப்பன் ஆத்தாளை உக்கார வெச்சு இங்கிலீஷ்ல கேள்வி கேக்கறாங்க இல்ல, அந்த மனநிலையைத் தடுக்கத்தான் இந்தப் பிரிவு. நம்மள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதனால நாம செய்ய வேண்டியது. பள்ளி மேலாண்மைக் குழுவுல நம்ம தாய்மார்கள் இருக்காங்க. அவங்க மூலமா ஒரே ஒரு கோரிக்கை வைப்போம். பிள்ளையைச் சேர்க்கறப்ப 'வீட்டுல என்ன பேசறீங்க?'ன்னு கேட்டு எழுதணும். ரெண்டாவது, எந்தப் பிள்ளையையும் 'மெல்லக் கற்போர்' பட்டியல்ல சேர்க்கறதுக்கு முன்னால அதுக்குத் தெரிஞ்ச மொழியில ஒரு தடவை கேட்டுப் பார்க்கணும். கலிஃபோர்னியாவுல கேட்டு வாங்கினதை ராசிபுரத்துல கேக்கறதுல வெக்கம் என்ன? மூணாவது, நம்ம மாலை வகுப்புல. இங்க யாரும் பிள்ளையோட பேச்சைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அது தெலுங்கானாலும் சரி, கன்னடமானாலும் சரி, தட்டுத்தடுமாறின இங்கிலீசானாலும் சரி. நாலாவது, வீட்டுல. கிழவிகளைப் பேச விடுங்க. நான் வாயை அடைச்ச மாதிரி நீங்க அடைக்காதீங்க.

கடைசியா மாணவர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு இருபது சொல் எழுதிக்கிட்டு வாங்க. உங்க வளவுல ஆயா சொல்ற சொல் ஒரு பக்கம், பாடப்புத்தகத் தமிழ் ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம். கோழியில இருந்தே தொடங்குங்க. ழ வர்ற எடத்துல ட வருதான்னு பாருங்க, வராத எடத்தையும் குறிச்சு வையுங்க. அந்த ஒன்பதாங்கிளாஸ் பிள்ளை இப்பவே முப்பத்திரெண்டு சொல் சேர்த்து வெச்சிருக்கு. எம்மகளும் போன ஞாயித்துக்கிழமை ஆயா பக்கத்துல நோட்டோட உக்காந்துச்சு. எங்கம்மா முதல்ல சொல்ல மாட்டேன்னுட்டுது, "நம்ம பேச்சை எதுக்கு எழுதற, வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க"ன்னு. அரை மணி நேரம் கழிச்சு அதுவே விடாம சொல்லிக்கிட்டு இருந்துச்சு. மக தப்பா எழுதினதை எங்கம்மா திருத்துச்சு. எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. மக படிச்சுக் காட்டக் காட்டத் திருத்துச்சு.

ஜெய்பீம்.